ஆலங்கட்டி செய்தியில கல்லோட சைஸையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஓசூர் பக்கம் விழுந்த ஆலங்கட்டி மழை பத்தி உங்க பேப்பர்ல செய்தி வந்திருந்துச்சு, கிழிஞ்சு தொங்கற பாலிஹவுஸ் போட்டோ, ரோட்டோரம் வெள்ளையா குவிஞ்சு கிடந்த கட்டிங்க போட்டோ எல்லாம் போட்டிருந்தீங்க, உங்க நிருபர் மழை விட்ட கையோட ஓடி வந்து எடுத்திருக்காரு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா செய்திக்கு பக்கத்துல ஒரு சின்ன பெட்டி கட்டி ஆலங்கட்டி எப்படி உருவாகுதுன்னு விளக்கம் கொடுத்திருந்தீங்களே, அதை படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. மழைத்துளி கீழ வர்ற வழியில குளிர் காத்துல மாட்டி உறைஞ்சு கட்டியாகுதுன்னு போட்டிருக்கு, கல்லை வெட்டி பாத்தா எத்தனை வளையம் இருக்கோ அத்தனை தடவை அது மேலயும் கீழயும் போய்ட்டு வந்திருக்குன்னு போட்டிருக்கு, கடைசியில கொளுத்தற கோடையில ஐஸ் விழறது இயற்கையோட அதிசயம்னு முடிச்சிருக்கு. மூணுமே சரியில்ல ஐயா. நான் ஹைஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவன், என் தம்பி இன்னும் தக்காளியும் பீன்ஸும் போட்டுக்கிட்டு இருக்கான், அதனால இந்த விஷயம் எனக்கு பாடமாவும் தெரியும் நஷ்டமாவும் தெரியும்.

கோடையில இருந்தே ஆரம்பிக்கறேன். வெயில் கொளுத்தறதாலதான் ஆலங்கட்டி விழுது. ஏப்ரல் மே மாசத்துல தரை காய்ஞ்சு, அதுக்கு மேல இருக்கற காத்து சூடாகி, ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு மேல ஏறுது, மதியம் மூணு நாலு மணிக்கு மேல அந்த மேகம் 15 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் கூட வளரும். நம்ம ஊர் கோடையில தரையில 38 டிகிரி இருந்தாலும் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துல 0 டிகிரி வந்துடுது, 8 கிலோமீட்டர் பக்கம் மைனஸ் 20 கிட்ட இருக்கும். கல்லு பிறக்கறதும் வளர்றதும் அங்கதான், பெரும்பாலும் மைனஸ் 10லேர்ந்து மைனஸ் 30க்குள்ள. அந்த உயரத்துக்கு அவ்வளவு தண்ணியை தூக்கிட்டு போக பலமான காத்து வேணும், அந்த பலத்தை கொடுக்கறது வெயில்.

அங்க இன்னொரு விஷயம் இருக்கு, அது தெரியாம ஆலங்கட்டி புரியாது. 0 டிகிரிக்கு கீழ போனா தண்ணி உடனே உறைஞ்சிடும்னு நாம நினைக்கறோம், ஆனா மேகத்துல இருக்கற பொடித்துளிங்க அப்படி உறையறது இல்ல. உறையறதுக்கு ஒரு தூசியோ மண் துகளோ பிடிமானமா வேணும், அது கிடைக்காத சுத்தமான துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும் கூட தண்ணியாவே மிதக்கும். எதையாவது தொட்ட மாத்திரத்துல உறையும். இப்படிப்பட்ட துளிங்க கோடிக்கணக்குல நிக்கற இடத்துல ஒரு பனிப்படிகம் போய் மோதினா, மோதற துளியெல்லாம் அது மேலயே உறைஞ்சு ஒட்டி சில மில்லிமீட்டர் சைஸ்ல மெத்துன்னு ஒரு வெள்ளை உருண்டை ஆகுது. இல்லன்னா ஒரு பெரிய மழைத்துளி காத்தோட மேல போய் அப்படியே உறைஞ்சிடுது. இந்த ரெண்டுல ஒண்ணுதான் ஆலங்கட்டியோட கரு. அதுக்கு மேல பத்து இருபது நிமிஷம் போதும், கீழ விழப் பாக்கற கல்லும் மேல தள்ற காத்தும் கிட்டத்தட்ட சமமா இருந்தா அது அந்த இடத்திலேயே தொங்கிக்கிட்டு துளிகளை வாரி சேர்த்துக்கிட்டே இருக்கும். 1 சென்டிமீட்டர் கல்லு விநாடிக்கு சுமார் 10 மீட்டர் வேகத்துல விழும், 5 சென்டிமீட்டர் கல்லு விநாடிக்கு 30 மீட்டரை தொடும், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. அந்த சைஸ் கல்லை தாங்கணும்னா கீழேர்ந்து அதே வேகத்துல காத்து தள்ளணும், அதனாலதான் பெரிய கல்லு எல்லா இடிமழையிலயும் வர்றது இல்ல.

இப்போ வளையம். அடுத்த தடவை உங்க நிருபர் களத்துல இருந்தா ஒரு பெரிய கல்லை எடுத்து கொஞ்சம் சூடு பண்ணின எவர்சில்வர் தட்டு மேல லேசா தேய்க்க சொல்லுங்க, பாதி கரைஞ்சு நடுவெட்டு சமமா வந்துடும், அதை வெளிச்சத்துல பிடிச்சு பாக்கணும். நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு பால் வெள்ளையா ஒரு புள்ளி, அதை சுத்தி கண்ணாடியா தெளிவான ஐஸ், அந்த தெளிவுக்குள்ளயே பொடிப்பொடி காத்துக்குமிழ் வரிசையா வெளிப்பக்கம் ஓடற மாதிரி நிக்கும், அப்புறம் மறுபடி மங்கலான ஒரு பட்டை. நான் ஸ்கூல்ல இருந்தப்ப பசங்க கையில இதை கொடுத்திருக்கேன், ஒரு தடவை பாத்தவன் மறக்க மாட்டான்.

அந்த வெள்ளையும் தெளிவும் எப்படி வருதுன்னா எல்லாம் சூட்டுக் கணக்கு. 1 கிராம் தண்ணி உறையறப்போ 80 கலோரி சூட்டை வெளிய விடும். கல்லு மேல துளி ஒட்டி உறைய உறைய அந்த சூடு கல்லுலயே ஏறுது, அதனால வளர்ற கல்லோட மேல்தோல் சுத்தியிருக்கற காத்தை விட எப்பவும் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். துளி கம்மியா இருக்கற இடத்துல, இல்ல ரொம்ப குளிரான இடத்துல அந்த சூட்டை காத்து உடனே எடுத்துக்கிட்டு போயிடும், துளி தொட்ட இடத்திலேயே உறையும், நடுவுல காத்து சிக்கிக்கும், ஐஸ் வெள்ளையா தெரியும். துளி அதிகமா இருக்கற இடத்துல சூடு வெளிய போறதுக்குள்ள அடுத்த துளி வந்துடும், மேல்தோல் 0 டிகிரிக்கு வந்து நின்னுடும், தண்ணி உறையாம படலமா பரவி மெதுவா உறையும், காத்துக்குமிழுக்கு வெளிய போக நேரம் கிடைக்கும், ஐஸ் தெளிவா வரும். வெள்ளை ஐஸ் எங்க முடிஞ்சு தெளிவான ஐஸ் எங்க ஆரம்பிக்குதுங்கற எல்லையை முதல்ல கணக்கு போட்டு காட்டினவர் தென்னாப்பிரிக்காவோட வானிலை விஞ்ஞானி ஷூமன், 1938ல, அதுக்கப்புறம் 1950கள்ல இங்கிலாந்துல லட்லாம்ங்கற விஞ்ஞானி அதை விரிவாக்கினாரு, இன்னிக்கும் ரெண்டு பேர் பேர்லதான் அந்த எல்லை இருக்கு. அதனால ஒரு கல்லு மேகத்துல ஒரே ஒரு தடவை மேல போய் விழுந்தாலும், போற வழியில துளி அதிகமான இடம் கம்மியான இடம்னு மாறி மாறி கடந்தா அதுக்குள்ள நாலஞ்சு வளையம் இருக்கும். அமெரிக்காவுல கொலராடோவுல இருக்கற தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்துல சார்லஸ் நைட், நான்சி நைட்னு தம்பதி பல வருஷம் ஆலங்கட்டியை மெல்லிசா சீவி, முனைவாக்கின வெளிச்சத்துல, அதாவது ஒரே திசையில அதிர்ற மாதிரி வடிகட்டின வெளிச்சத்துல வெச்சு படிகம் படிகமா படிச்சாங்க. அந்த மாதிரி வேலையில இருந்தும், ரேடார் வெச்சு கல்லு போற பாதையை கணக்கு போட்டதுல இருந்தும் தெரிய வர்றது என்னன்னா, நிறைய கல்லு மேல்நோக்கி வர்ற காத்தை ஒரே தடவை கடந்தே முழுசா வளர்ந்துடுது. பந்து மாதிரி மேலயும் கீழயும் குதிக்கற படத்தை இன்னும் புத்தகத்துல போட்டுக்கிட்டு இருக்காங்க, அதை பாத்து படிச்ச பசங்க உங்க பேப்பரையும் படிப்பாங்க, அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

சரி, வளர்ந்த கல்லு விழுது. 5 கிலோமீட்டர் உயரத்துல 0 டிகிரி கோட்டை தாண்டி கீழ வந்ததும் கரைய ஆரம்பிக்குது. நம்ம தமிழ்நாட்டுக்கு ஆலங்கட்டி கதையில பாதிக்கு மேல இங்கதான் இருக்குன்னு எனக்கு தோணும், ஏன்னா மேல கல்லு உருவான பல மேகத்துல இருந்து நம்ம கைக்கு ஒரு கட்டி கூட வந்து சேர்றது இல்ல, வெறும் மழையாத்தான் வருது. 1 சென்டிமீட்டர் கல்லு 5 கிலோமீட்டர் விழ சுமார் எட்டு நிமிஷம் ஆகும், 5 சென்டிமீட்டர் கல்லு மூணு நிமிஷத்துல வந்துடும். சின்னதுக்கு கரையற நேரமும் அதிகம், கரைய வேண்டிய ஐஸும் கம்மி. விட்டம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு ஆகுது ஆனா சூடு உள்ள போற மேற்பரப்பு நாலு மடங்குதான் ஆகுது, இதையும் சேர்த்துக்கிட்டா பெரிய கல்லு ஏன் தப்பிக்குதுன்னு புரிஞ்சிடும். உருகின தண்ணியும் ஒரு வேலை பண்ணுது. 1980கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்து செங்குத்து காற்றுச் சுரங்கத்துல ஐஸ் உருண்டையை காத்துலயே மிதக்க விட்டு கரைய வெச்சு பாத்திருக்காங்க. சுமார் 9 மில்லிமீட்டருக்கு கீழ இருக்கற கல்லு உருகின தண்ணியை தன்னை சுத்தியே வெச்சுக்கிட்டு கடைசியில ஒரே மழைத்துளியா மாறிடுது, அதுக்கு மேல சைஸ் இருந்தா தண்ணி விளிம்புல இருந்து சிதறி தனித்தனி துளியா பிரிஞ்சு போயிடுது.

அடுத்தது ஈரம். ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வெளிய வேர்க்கற மாதிரி விழற கல்லு மேலயும் காத்துல இருக்கற நீராவி படியும், அப்படி படியறப்போ அது கொண்டு வர்ற சூடு சாதாரணமானது இல்ல, 1 கிராம் நீராவி படிஞ்சா சுமார் 600 கலோரி, அது 7 கிராம் ஐஸை கரைக்க போதும். அதனால கடலோரத்து பிசுபிசுப்பான காத்து ஆலங்கட்டிக்கு எமன். காத்து நல்லா காய்ஞ்சிருந்தா இதுக்கு நேர்மாறு, கல்லு மேல இருக்கற தண்ணி ஆவியாகும், ஆவியாகறப்போ சூட்டை எடுத்துக்கிட்டு போகும், 0 டிகிரி கோட்டுக்கு கீழ வந்த பிறகும் கொஞ்ச தூரம் கல்லு கரையாமலே கூட விழும். வெப்பமானி காட்டற 0 டிகிரியை மட்டும் பாக்காம, ஈரத்துணி சுத்தின வெப்பமானி எந்த உயரத்துல 0 காட்டும்னு வானிலை ஆளுங்க பாக்கறது இதனாலதான்.

இதை வெச்சு நம்ம ஊர் மேப்பை பாருங்க. 0 டிகிரி கோடு எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே 5 கிலோமீட்டர்தான். சென்னை கடல் மட்டத்துல இருக்கு, கல்லு அந்த 5 கிலோமீட்டரையும் கரைஞ்சுக்கிட்டே வரணும், அதுவும் கடைசி பகுதி கடல் ஈரத்துல. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், பெங்களூரும் அப்படித்தான், அங்க 4 கிலோமீட்டர் கரைஞ்சா போதும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, அங்க 3 கிலோமீட்டர் கூட இல்ல. ஊட்டி பக்கம் தேயிலைத் தோட்டம் வெள்ளையா மூடிக்கறதுக்கும் சென்னைக்காரங்க ஆலங்கட்டியை அபூர்வமா பாக்கறதுக்கும் பெரிய காரணம் இந்த தூர வித்தியாசம்தான். வடக்க பிப்ரவரி மார்ச்ல 0 டிகிரி கோடே இங்கத்தை விட நல்லா கீழ இருக்கும், 2014 பிப்ரவரி மார்ச்ல மகாராஷ்டிராவோட மராத்வாடா பக்கம் கோதுமையும் திராட்சையும் மாதுளையும் சேர்ந்து அழிஞ்சது ஞாபகம் இருக்கும். உலகத்துலயே ஒரே ஆலங்கட்டி மழையில அதிகம் பேர் செத்ததா உலக வானிலை அமைப்பு பதிவு பண்ணி வெச்சிருக்கறதும் நம்ம நாட்டுலதான், 1888 ஏப்ரல் 30, உத்தரப் பிரதேசத்து மொராதாபாத், 246 பேர்.

கரைஞ்சு போன கல்லும் சும்மா போறது இல்ல. அது கரையறதுக்கு வேணும்கற சூட்டை சுத்தியிருக்கற காத்துல இருந்துதான் எடுக்குது, காத்து குளிர்ந்து கனத்துடுது, கனத்த காத்து தொபுக்கடீர்னு கீழ இறங்கி தரையில மோதி நாலா பக்கமும் சீறுது. கோடை மழைக்கு முன்னாடி சில்லுனு ஒரு காத்து அடிச்சு அது கூடவே பெரிய பெரிய குளிர்ந்த துளி பொட்டு பொட்டுன்னு விழும் பாருங்க, அந்த துளி பலதும் கொஞ்ச நேரம் முன்னாடி ஐஸா இருந்ததுதான், அந்த காத்துலயும் அதோட பங்கு இருக்கு. குலை தள்ளின வாழை அத்தனையும் ஒரே பக்கம் சாயுதே, கேட்டா கல்லே விழலையேன்னு சொல்லுவாங்க. கல்லு வழியில கரைஞ்சு காத்தா வந்திருக்கலாம். இதை எங்கயும் யாரும் எழுதறது இல்ல. பூமி சூடாக சூடாக 0 டிகிரி கோடும் மேல ஏறும், சின்ன கல்லு இன்னும் அதிகமா வழியில கரையும், பெரிய கல்லுக்கு அவ்வளவா பாதிப்பு இருக்காது, மேல தள்ற காத்தும் பலமாகலாம்னு ஆராய்ச்சியாளருங்க எதிர்பாக்கறாங்க, அதாவது ஆலங்கட்டி விழற நாள் குறைஞ்சாலும் விழற அன்னிக்கு கல்லு பெருசா இருக்கலாம்.

இனிமே உங்ககிட்ட கேக்க வந்த விஷயம். ரேடார் இருக்கே, அது பாத்து சொல்லிடாதான்னு கேக்கலாம். ரேடார் கதிர் நேரா போகுது, பூமி வளைஞ்சு கீழ இறங்குது, தூரம் போகப் போக கதிர் தரையில இருந்து உயர்ந்துக்கிட்டே போகும். சென்னையில இருந்து ஓசூர் நேர்கோட்டுல சுமார் 260 கிலோமீட்டர், அரை டிகிரி சாய்வுல விடற கதிர் கூட ஓசூருக்கு மேல 6 கிலோமீட்டர் உயரத்துல இருக்கும். அதாவது கல்லு வளர்ற இடத்தை அது பாக்கும், கரையற 4 கிலோமீட்டரை பாக்கவே பாக்காது. மேல கல்லு இருக்குன்னு தெரியும், கீழ என்ன வந்து சேர்ந்துச்சுன்னு தரையில நிக்கற மனுஷன்தான் சொல்லணும். ஆலங்கட்டி ஒரு ஊர்ல விழும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒண்ணுமே இருக்காது, எல்லா ஊர்லயும் வானிலை நிலையம் கிடையாது, ஆனா பேப்பருக்கு நிருபர் இல்லாத தாலுகா இல்ல. நீங்க போடற செய்திதான் பல இடத்துல ஒரே ஆவணமா இருக்கப் போகுது.

அதனால கட்டி கட்டியா விழுந்துச்சு, நெல்லிக்காய் சைஸ், எலுமிச்சை சைஸ்னு மட்டும் எழுதாம அளந்து எழுதுங்க. கல்லு பக்கத்துல ஒரு 10 ரூபா காயினை வெச்சு போட்டோ எடுத்தா போதும், அது 27 மில்லிமீட்டர், எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. அதிகமா கிடந்தது எந்த சைஸ், அதுல ரொம்ப பெருசு எது, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை நிமிஷம் விழுந்துச்சு, கல்லு விழறதுக்கு முன்னாடியா கூடவேயா காத்து அடிச்சுது, எந்த கிராமத்துல ஆரம்பிச்சு எதுல நின்னுச்சு, இவ்வளவும் நாலு வரியில அடங்கிடும். விவசாயிக்கும் இது கை கொடுக்கும், பிரதமர் பயிர் காப்பீட்டு திட்டத்துல ஆலங்கட்டி உள்ளூர் இடர் கணக்குல வருது, அறிவிப்புல இருக்கற பயிருக்கு 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், அதையும் செய்தியோட கடைசியில ஒரு வரி போட்டா எத்தனையோ பேர் நாள் தவற விடாம இருப்பாங்க. என் தம்பி ஊர்ல போன தடவை பாதி பேருக்கு அந்த 72 மணி நேர கணக்கே தெரியாது, ஆபீஸ் போய் நின்னப்ப நாள் முடிஞ்சிருந்துச்சு.

வெடி வெச்சா மேகம் கலைஞ்சிடும்னு சொல்ற மெஷின் பத்தியும் நீங்க முன்ன ஒரு தடவை பாராட்டி எழுதியிருந்தீங்க. 1896ல ஆஸ்திரியாவுல ஸ்டீகர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, ஹிமாச்சல்ல ஆப்பிள் தோட்டத்துல இப்பவும் வெடிக்கறாங்க, ஆனா அது வேலை செய்யுதுன்னு அறிவியல் ஆதாரம் கிடையாது, இடி இடிக்கற மேகத்துக்குள்ளயே கல்லு வளருது, அதை விட சின்ன சத்தம் அதை என்ன பண்ணிடும்? வலை கட்டினா கல்லு பயிர் மேல விழாது, அது கண்ணால பாக்கற உண்மை, செலவுதான் அதிகம். சின்ன விவசாயிக்கு வலைக்கு மானியம் கேட்டு நீங்க எழுதினா நல்லா இருக்கும்.

அளக்கறதுல ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுல தெற்கு டகோட்டா மாநிலத்து விவியன்ங்கற ஊர்ல 2010 ஜூலை 23ல விழுந்த கல்லு விட்டம் 8 இன்ச், எடை சுமார் 880 கிராம், அந்த நாட்டு ரெக்கார்ட் அதுதான். அதை எடுத்தவர் ஃப்ரீசர்ல பத்திரமா வெச்சாரு, ஆனா புயல்ல கரண்ட் போயிடுச்சு, ஆளுங்க வந்து அளக்கறதுக்குள்ள கொஞ்சம் கரைஞ்சிடுச்சு, விழுந்தப்ப இன்னும் பெருசா இருந்துச்சாம். கரண்ட் போறது நம்ம ஊருக்கும் புதுசு இல்ல, அதனால கல்லை எடுத்த உடனே முதல்ல காயின் வெச்சு போட்டோ, அப்புறம் பாலிதீன் கவர்ல இறுக்கி கட்டி ஃப்ரீசர். கவர் இல்லாம வெச்சா ஐஸ் உள்ளயே ஆவியாகி சைஸ் குறையும். அந்த பெட்டியில வந்த விளக்கத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்க ஐயா, அதே பக்கத்துல அதே அளவு பெட்டியில வந்தா நல்லது. இனிமே சைஸ் போடறப்போ மழை விட்டு எத்தனை நிமிஷம் கழிச்சு அளந்ததுன்னும் சேர்த்து போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஓசூர் வட்டம்